இதயத்தில் எஞ்சிய குறுக்குப்பாதை

மனித இதயத்தின் மேலறைகள் இரண்டையும் கீழறைகள் இரண்டையும் பிரித்தபடி, வால்வுகளைத் தாங்கி நிற்கும் நார்த்திசு வளையங்கள் குறுக்கே அமைந்திருக்கின்றன. இதயத் தசை மின்தூண்டலைக் கடத்தும், நார்த்திசு கடத்தாது. ஆகவே மேலறையில் பிறக்கும் தூண்டல் கீழறைக்கு இறங்க இயல்பான இதயத்தில் ஒரே ஒரு வாயில்தான் உண்டு, ஏ.வி. கணு என்று மருத்துவர்கள் சொல்லும் சிறு திசுத் திரளே அந்த வாயில். வலது மேலறையின் உச்சியிலுள்ள சைனஸ் கணுவிலிருந்து புறப்படும் தூண்டல், இந்த வாயிலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு நொடி தாமதித்து, பிறகு ஹிஸ் கற்றையிலும் அதன் கிளைகளிலும் இறங்கிக் கீழறைகள் முழுவதும் மிக விரைவாகப் பரவுகிறது. மேலறைகள் சுருங்கித் தம்மிடமுள்ள இரத்தத்தைக் கீழறைகளுக்குள் தள்ளி முடிக்க இந்தத் தாமதம் அவகாசம் தருகிறது. அதைவிடப் பெரிய பணி ஒன்றும் ஏ.வி. கணுவுக்கு உண்டு. மேலறைகள் தாறுமாறாக நிமிடத்துக்கு 400, 500 முறை துடிக்கத் தொடங்கினாலும், வந்து மோதும் தூண்டல்களுள் பெரும்பாலானவற்றை அது தடுத்துவிடுவதால், கீழறைகள் அந்த வேகத்துக்கு இழுபடுவதில்லை. தூண்டல்கள் நெருக்கமாக வர வர இக்கணு மேலும் மேலும் மெதுவாகவே கடத்தும். இந்த ஒரு பண்பை மனத்தில் கொண்டால் பின்னால் சொல்லப்படும் ஆபத்துகள் பலவும் எளிதில் விளங்கும்.

கரு வளரும் தொடக்க நாள்களில் மேலறைத் தசையும் கீழறைத் தசையும் இடைவெளியின்றித் தொடர்ந்தே இருக்கின்றன. பிறகு நார்த்திசு வளர்ந்து அவற்றை அறுத்துப் பிரிக்கிறது. இந்தப் பிரிப்பு எங்கேனும் முற்றுப்பெறாமல் போனால், வளையத்தைக் கடந்து மேலறையையும் கீழறையையும் இணைக்கும் மெல்லிய தசையிழை ஒன்று அங்கே எஞ்சிவிடுகிறது. இதுவே கூடுதல் மின்பாதை. சாதாரண இதயத் தசையால் ஆனதாகையால், ஏ.வி. கணுவைப் போலத் தாமதிக்கவோ வடிகட்டவோ இதற்குத் தெரியாது. பெரும்பாலும், ஒரு தூண்டல் கடந்தால் முழு வேகத்தில் கடக்கும், இல்லையேல் கடக்கவே கடக்காது. மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு ஒருவர் முதல் மூவர் வரை இ.சி.ஜி.யில் இதன் அடையாளம் காணப்படுகிறது. பாதி அல்லது அதற்குச் சற்று மிகுதியான பாதைகள் இடப்பக்க மைட்ரல் வால்வின் ஓரமாகவும், எஞ்சியவை இரு பக்கங்களையும் பிரிக்கும் இடைச்சுவரை ஒட்டியும் வலப்பக்க ஓரத்திலும் அமைகின்றன. பெரும்பாலோருக்கு இதயத்தில் வேறு எந்தக் குறையும் இருப்பதில்லை. ஆனால் மூவிதழ் வால்வு கீழிறங்கிப் பொருந்தியிருக்கும் எப்ஸ்டைன் குறைபாடு உள்ளவர்களிடம் இப்பாதைகள் குறிப்பிடத்தக்க அளவு காணப்படுவதோடு, ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கக்கூடும். குடும்ப வழியாக வருவது அரிது. அப்படி வரும் ஒரு வகைக்குக் காரணம் பி.ஆர்.கே.ஏ.ஜி.2 என்ற மரபணுவின் திரிபு என்று 2001ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். அந்த வகையில் தசைச் செல்களுக்குள் கிளைக்கோஜன் தேங்கி இதயச் சுவர் தடிப்பதும் சேர்ந்துகொள்வதால், அதைத் தனி நோயாகவே கருதுவது பொருத்தம்.

இப்பாதையின் கண்டுபிடிப்பு வரலாறு நேர்கோட்டில் சென்றதன்று. 1893இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர் இன்று அவர் பெயரால் வழங்கும் கற்றையை விவரித்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டான்லி கென்ட், மேலறைக்கும் கீழறைக்கும் இடையே பக்கவாட்டில் தசைத் தொடர்புகள் உண்டு என்றும், இயல்பான இதயத்தில் தூண்டல் இறங்கும் வழிகள் அவையே என்றும் கருதினார். 1906இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆய்வு செய்த ஜப்பானியரான சுனாவ் தவாரா ஏ.வி. கணுவைத் துல்லியமாக விளக்கிய பிறகு கென்ட்டின் கருத்து செல்வாக்கிழந்தது. எனினும், இயல்பான வழி என்று அவர் தவறாகக் கருதியதுபோன்ற ஒன்று நோயுற்ற சிலரிடம் உண்மையாகவே இருப்பது பின்னால் தெரியவந்தபோது, அதற்கு ‘கென்ட் கற்றை’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் விவரித்ததற்கும் நோயாளிகளிடம் காணப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை உடற்கூறு அறிஞர்கள் எடுத்துக்காட்டிய பின்னும் அந்தப் பெயர் முற்றிலும் ஒழியவில்லை.

1928இல் பாஸ்டன் நகரில் பால் டட்லி ஒயிட்டிடம் படபடப்புக்காக வந்த 35 வயது உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் இ.சி.ஜி. விந்தையாக இருந்தது, உடலை வருத்திப் பயிற்சி செய்தவுடன் அது இயல்பாக மாறியது மேலும் விந்தையாக இருந்தது. ஒயிட்டும் அவருடன் பணியாற்றிய லூயி உல்ஃபும் லண்டனின் ஜான் பார்க்கின்சனும் சேர்ந்து இத்தகைய 11 பேரைப் பற்றி 1930இல் வெளியிட்ட கட்டுரையின் பயனாக, உல்ஃப்–பார்க்கின்சன்–ஒயிட் நோய்க்குறித்தொகுதி என்ற பெயர் நிலைபெற்றது. இம்மூவரும் தோற்றத்தைச் சரியாகவே பதிவு செய்தார்கள், காரணத்தைத்தான் காணவில்லை. கீழறைக் கற்றையின் கிளையில் ஏற்பட்ட தடை என்றே அவர்கள் அதை விளங்கிக்கொண்டார்கள். கூடுதல் பாதை வழியே கீழறையின் ஒரு பகுதி முந்தித் தூண்டப்படுகிறது என்ற விளக்கத்தை 1932, 1933ஆம் ஆண்டுகளில் வேறு ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். இறந்தவர் ஒருவரின் இதயத்தில் அப்பாதையை நுண்ணோக்கியில் காட்டியது 1943இல்தான். இவர்கள் அனைவருக்கும் முன்பே, 1914இல், ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் என்ற இளம் உடலியங்கியலாளர், விலங்குகளின் இதயத் தசை வளையங்களில் தூண்டல் ஓயாமல் சுற்றி வருவதைக் காட்டி, கென்ட் சொன்ன தசைத் தொடர்பு மனித இதயத்தில் இருந்தால் அங்கும் இப்படிச் சுற்றோட்டம் நேரலாம் என்று எழுதியிருந்தார். அதே ஆண்டில் மான்ட்ரியாலில், தமது ஆய்வுக்கூடத்தில் நினைவிழந்து கிடந்த நிலையில் காணப்பட்டு, 28 வயதில் அவர் இறந்துபோனார். நோய்க்குப் பெயர் சூட்டப்படும் முன்பே அதன் இயக்கத்தைச் சொல்லிவிட்ட அவருடைய பெயர் அந்த நோயில் இல்லை.

இயல்பான துடிப்பின்போது கூடுதல் பாதை உள்ளவருக்குத் தூண்டல் இரண்டு வழிகளிலும் ஒரே நேரத்தில் இறங்குகிறது. தாமதமில்லாத குறுக்குப்பாதை வழியே சென்ற தூண்டல் கீழறையின் ஒரு மூலையை முந்திக்கொண்டு எழுப்பிவிட, ஏ.வி. கணு வழியே வந்த தூண்டல் சற்றுப் பிந்தி வந்து எஞ்சிய பகுதியை எழுப்புகிறது. இ.சி.ஜி.யில் மேலறைத் துடிப்பைக் குறிக்கும் பி அலைக்கும் கீழறைத் துடிப்பைக் குறிக்கும் கியூ.ஆர்.எஸ். அலைக்கும் உள்ள இடைவெளி 120 மில்லிநொடிக்குக் கீழே குறைவதற்கும், கியூ.ஆர்.எஸ். செங்குத்தாக எழாமல் சரிவாகத் தொடங்கி அகன்று காண்பதற்கும் இதுவே காரணம். அந்தச் சரிவுக்கு டெல்டா அலை என்று பெயர். குறுக்குப்பாதை இடைச்சுவரின் பின்புறம் இருந்தால் சில இணைப்புகளில் டெல்டா அலை கீழ்நோக்கி விழுந்து, பழைய மாரடைப்பின் வடு போலத் தோன்றும். மாரடைப்பே வராத இளைஞர் அது வந்தவராக முத்திரை குத்தப்படுவதற்கு இந்த ஒற்றுமை போதும். வேறு சிலரிடம் பாதை கீழிருந்து மேலாக மட்டுமே கடத்துவதால் சாதாரண நேரத்து இ.சி.ஜி. முற்றிலும் இயல்பாகவே இருக்கும். மறைந்த பாதை எனப்படும் இவ்வகை, படபடப்பு வந்து பதிவு செய்யப்படும்போதோ இதயத்தினுள் மின்கம்பி செலுத்திச் சோதிக்கும் உட்சோதனையின்போதோதான் வெளிப்படும்.

இரண்டு வழிகள் இருப்பதாலேயே சுற்றோட்டம் சாத்தியமாகிறது. நேரத்துக்கு முந்திய ஒற்றைத் துடிப்பு ஒன்று மேலறையில் எழும்போது, குறுக்குப்பாதை முந்தைய தூண்டலிலிருந்து இன்னும் மீளாமல் இருக்குமானால், தூண்டல் ஏ.வி. கணு வழியே மட்டும் மெதுவாக இறங்குகிறது. அது கீழறையை எட்டிப் பரவும் நேரத்துக்குள் குறுக்குப்பாதை மீண்டுவிடுவதால், அதன் வழியே மேலேறி மேலறையை மறுபடி எழுப்பிவிட்டு, மீண்டும் ஏ.வி. கணுவில் இறங்குகிறது. செக்குமாடு போன்ற இந்தச் சுழற்சியில் துடிப்பு நிமிடத்துக்கு 150 முதல் 250 வரை எட்டும். கீழறைகள் இயல்பான வழியில் தூண்டப்படுவதால் இந்நேரத்து இ.சி.ஜி.யில் டெல்டா அலை மறைந்து, கியூ.ஆர்.எஸ். குறுகிவிடும். கூடுதல் பாதை உள்ளோருக்கு வரும் சுற்றோட்டத் துடிப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை இந்த வகையே. குறுக்குப்பாதை வழியே இறங்கி ஏ.வி. கணு வழியே ஏறும் எதிர்ச்சுழற்சி அரிது, அப்போது கியூ.ஆர்.எஸ். மிக அகன்று, கீழறையிலேயே பிறந்த ஆபத்தான துடிப்பிலிருந்து பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கும் கடினமாகிவிடும். மகெய்ம் இழைகள் என்ற பெயரில் வழங்கும் வலப்பக்கப் பாதைகளும், குழந்தைகளிடம் நாள் முழுவதும் ஓயாமல் நீடித்து இதயத்தையே தளரச் செய்யும் மெதுவான பாதைகளும் இவற்றின் உறவினங்களே.

இந்தச் சுற்றோட்டம் விளக்கைப் போட்டாற்போல் திடீரெனத் தொடங்கி, அணைத்தாற்போல் திடீரென நிற்கும். நெஞ்சு படபடப்பு, கழுத்தில் துடிப்பு, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், பயம் எல்லாம் சேர்ந்து வருவதாலும், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடுவதாலும், இது மனப்பதற்றம் என்று ஒதுக்கப்படுவது அடிக்கடி நிகழ்கிறது. திடீர்ச் சுற்றோட்டத் துடிப்பு உறுதிசெய்யப்பட்ட 107 பேரை ஆராய்ந்து 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அவர்களுள் 67 விழுக்காட்டினருடைய குறிகள் பீதிநோய்க்கான வரையறைக்குள் அப்படியே பொருந்தின. பெண்களின் படபடப்பே இவ்வாறு மிகுதியாகத் தட்டிக்கழிக்கப்பட்டது என்பதையும் அவ்வாய்வு காட்டியது. வரையறையில் பிழையில்லை, துடிப்பைப் பதிவு செய்யாமல் வரையறையைப் பொருத்திப் பார்த்ததே பிழை.

சுழற்சியின் ஒரு கால் ஏ.வி. கணுவில் இருப்பதால், அக்கணுவை ஒரு கணம் தடுத்தால் போதும், முழுச் சுழற்சியும் அறுந்துவிடும். மூச்சை அடக்கி முக்குவதால் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இத்தடை ஏற்படுகிறது. முக்கி முடித்தவுடன் நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்திப் பிடிக்கும் சிறு மாற்றத்தால் இம்முறையின் வெற்றி 17 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்ததை 2015இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. செலவில்லாத சிகிச்சை ஒன்று இத்தனை காலம் அரைகுறையாகவே செய்யப்பட்டு வந்திருக்கிறது என்பது வியப்புக்குரியது. அதுவும் பலிக்காவிட்டால், சில நொடிகளே உடலில் தங்கும் அடினோசின் மருந்தைச் சிரை வழியே வேகமாகச் செலுத்துவார்கள். அம்மருந்து சிலருக்கு மேலறை நடுக்கத்தைத் தூண்டிவிடக்கூடும் என்பதால், மின்னதிர்ச்சிக் கருவி கைக்கெட்டும் தொலைவில் இல்லாமல் அதைத் தருவது முறையன்று.

உயிருக்கு நேரடி ஆபத்து இந்தச் சுற்றோட்டத்தில் மிகக் குறைவு. ஆபத்து மேலறை நடுக்கத்தில் இருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் இந்நிலையில் மேலறைகள் ஒழுங்கற்று, நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட வேகத்தில் அதிரும். மற்றவர்களுக்கு ஏ.வி. கணு தரும் காவல் குறுக்குப்பாதையில் இல்லை. விரைவில் மீளும் பாதையாக இருந்தால் அடுத்தடுத்த தூண்டல்களைக் கால் நொடிக்கும் குறைந்த இடைவெளியில் கீழே இறக்கிவிடும். கீழறைகள் அந்த வேகத்தைத் தாங்க இயலாமல் தாமும் நடுங்கத் தொடங்கினால் இரத்த ஓட்டம் நின்று, உடனடி மின்னதிர்ச்சி இன்றேல் மரணம் நேரும். கீழறை நடுக்கத்துக்கு ஆளான 25 பேரை ஆராய்ந்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 1979இல் வெளியிட்ட கட்டுரை, மேலறை நடுக்கத்தின்போது இரு கீழறைத் துடிப்புகளுக்கு இடையே காணும் மிகக் குறுகிய இடைவெளி 250 மில்லிநொடி அல்லது அதற்கும் குறைவாக இருப்பதே ஆபத்தின் அடையாளம் என்று நிறுவியது. அந்த எண் இன்றும் அளவுகோலாக நிற்கிறது.

மருந்துகளின் குணம் தலைகீழாக மாறுவதும் இங்கேதான். ஏ.வி. கணுவைத் தடுத்துச் சுற்றோட்டத்தை நிறுத்த உதவும் வெராப்பமில், குறுக்குப்பாதையோடு கூடிய மேலறை நடுக்கத்தில் செலுத்தப்பட்டால், இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, அதற்கு எதிர்வினையாக எழும் நரம்புத் தூண்டலால் குறுக்குப்பாதையை மேலும் விரைவுபடுத்திக் கீழறை நடுக்கத்துக்கு வழிவகுக்கிறது. டிஜாக்சின் சிலருக்கு அப்பாதையின் மீளும் நேரத்தையே குறைத்துவிடும். சிரை வழி அமியோடரோனும் இத்தருணத்தில் நம்பத்தக்கதன்று என்பது இப்போதைய கருத்து. நாடித்துடிப்பு ஒழுங்கற்றும், இ.சி.ஜி. அகன்றும், வேகம் மிக அதிகமாகவும் ஒருசேரக் காணும்போது ஏ.வி. கணுவைத் தடுக்கும் எந்த மருந்தையும் தொடக்கூடாது. இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தால் மின்னதிர்ச்சி, தாழாதிருந்தால் புரோகெய்னமைடு அல்லது இபுட்டிலைடு என்பதே இதற்கு வகுக்கப்பட்ட நெறி.

இப்பொருளில் இன்னும் முற்றாகத் தீராத வினா, தொந்தரவே இல்லாதவரைப் பற்றியது. வேலைக்கான உடற்பரிசோதனையிலோ அறுவைக்கு முந்திய சோதனையிலோ டெல்டா அலை தற்செயலாகக் கண்டறியப்பட்டவரைச் சும்மா விட்டுவிடலாமா? அவருக்குத் திடீர் மரணம் நேரும் வாய்ப்பு, தொகுத்த ஆய்வுகளின்படி, ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒன்றை ஒட்டியதே. சிறியதுதான்; ஆனால் இருபது வயதுக்காரர் அதை ஐம்பது, அறுபது ஆண்டுகள் சுமக்க வேண்டும், முதல் அறிகுறியே கீழறை நடுக்கமாக வந்தவர்களும் உண்டு. இத்தாலியில் கார்லோ பப்போனே தலைமையிலான குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், தொந்தரவில்லாத ஆனால் உட்சோதனையில் ஆபத்து மிகுந்தவர்கள் என்று தெரிந்த 72 பேரில், முன்கூட்டியே பாதை அழிக்கப்பட்டவர்களுள் 5 விழுக்காட்டினருக்கும், அழிக்கப்படாதவர்களுள் 60 விழுக்காட்டினருக்கும் பின்னாளில் துடிப்புக் கோளாறு வந்தது. அவற்றுள் பெரும்பாலானவை உயிருக்கு உலை வைப்பவை அல்ல என்பதால் இந்த வேறுபாட்டை வைத்து அனைவருக்கும் சிகிச்சை என்று முழங்குவது மிகை. ஆனால் தொந்தரவின்மையை மட்டும் பாதுகாப்பாகக் கொள்வதும் பொருந்தாது. படபடப்பு வருவதும் வராததும் நோயாளியின் அனுபவம். ஆபத்தோ பாதையின் மீளும் நேரத்தில் இருக்கிறது. கேள்வியை அந்தப் பாதையிடமே கேட்பதுதான் முறை. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இத்திசையிலேயே செல்கிறது: விமானிகள், ஓட்டுநர்கள், போட்டி விளையாட்டு வீரர்கள் போன்றோருக்கு உட்சோதனை செய்யப்படவேண்டும், பாதை 250 மில்லிநொடி அல்லது அதற்குள் மீள்வதாகவோ ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் இருப்பதாகவோ தெரிந்தால் அழித்துவிடுவது பரிந்துரைக்கப்படுகிறது.

உட்சோதனைக்கு முன் எளிய வழி ஒன்று உண்டு. நடைப்பட்டையில் ஓடச் செய்யும்போது ஒரு துடிப்பிலிருந்து அடுத்த துடிப்புக்குள் டெல்டா அலை சட்டென்று அறுந்து மறைந்தால், அந்தப் பாதை வேகத்தைத் தாங்காத பாதை எனக் கொள்ளலாம். சிறுகச் சிறுகத் தேய்ந்து மறைந்தால் அவ்வாறு கொள்ள இயலாது, பயிற்சியால் ஏ.வி. கணு விரைந்து கடத்தி டெல்டா அலையை மூடிவிடுவதும் அப்படியே தோன்றும். 1928இல் அந்த ஆசிரியரிடம் கண்ட மாற்றம் இவ்விரண்டில் எதுவாக இருந்திருக்கும் என்று அன்று கேட்க யாருக்கும் கருவி இல்லை.

பாதையை நிரந்தரமாக நீக்கும் முயற்சி அறுவையில் தொடங்கியது. 1968 மே மாதத்தில் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி, ஓயாத படபடப்பால் இதயம் தளர்ந்திருந்த வட கரோலினா மீனவர் ஒருவரின் நெஞ்சைத் திறந்து, இதயத்தின் மேற்பரப்பில் மின்வரைவு எடுத்து இடத்தைக் கண்டு, வலப்பக்கப் பாதையை வெட்டிப் பிரித்தார். அதற்கு முந்திய ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் டர்க் டுரர் குழுவினர், வெளியிலிருந்து செலுத்தும் மின்தூண்டலால் இச்சுற்றோட்டத்தை விரும்பியபோது தொடங்கவும் நிறுத்தவும் முடியும் என்று காட்டியிராவிட்டால், இந்தத் துணிவுக்கு அடிப்படையே இருந்திராது. எண்பதுகளில், தொடைச் சிரை வழியே செலுத்திய கதீட்டர் என்னும் மெல்லிய குழாயின் நுனியில் பேரளவு நேர்மின்சாரத்தைப் பாய்ச்சிப் பாதையை எரிக்க முயன்றார்கள். அது சிறு வெடிப்பைப் போன்றதாகையால் அபாயமும் பெரிதாக இருந்தது. அதற்கு மாற்றாக, திசுவைச் சில மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் சூடாக்கிச் செயலிழக்கச் செய்யும் ரேடியோ அலை மின்சாரம் வந்தது. 1991இல் ஓக்லஹோமாவின் வாரன் ஜேக்மன் குழு, 166 நோயாளிகளில் 164 பேருக்கு இம்முறையில் பாதையை அழித்ததாக அறிவித்தவுடன், அறுவை ஏறக்குறைய ஒரே இரவில் வரலாறாகிவிட்டது.

அப்லேஷன் என்று வழங்கும் இச்சிகிச்சை இன்று நூற்றுக்கு 95 பேர் அளவில் வெற்றி பெறுகிறது. சிலருக்குப் பாதை மீண்டும் உயிர்பெறுவதால் இரண்டாம் முறை தேவைப்படும். இரத்தக்கசிவு, இதயத்தைச் சூழ்ந்து இரத்தம் தேங்குதல் போன்றவை நூற்றில் ஒருவர் அளவிலும் அதற்குக் கீழும் நிகழ்கின்றன. பாதை ஹிஸ் கற்றையை ஒட்டியிருந்தால் மட்டும் நிலைமை வேறு: சற்றுப் பிசகினாலும் இயல்பான வாயில் கருகி, நோயாளி ஆயுள் முழுவதும் பேஸ்மேக்கருடன் வாழ நேரிடும். அத்தகைய இடங்களில் திசுவை முதலில் இலேசாகக் குளிர்வித்துப் பார்த்து, இயல்பான கடத்தல் பாதிக்கப்பட்டால் உடனே நிறுத்திக்கொள்ள வாய்ப்பளிக்கும் உறைமுறை விரும்பப்படுகிறது. கைக்குழந்தைகளிடம் அவசரப்படாமையே நல்லது; அவர்களுள் கணிசமானோருக்கு முதல் ஆண்டிலேயே பாதையின் கடத்தல் தானாக மங்கிவிடுகிறது, உடல் சிறியதாகையால் சிகிச்சையின் அபாயமும் கூடுதல்.

டெல்டா அலை உள்ளவர்கள் செய்யவேண்டியது ஒன்று எளியது: இயல்பான நேரத்தில் எடுத்த இ.சி.ஜி.யின் நகலைக் கைப்பேசியில் படமாகவாவது எப்போதும் வைத்திருந்து, எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் படபடப்போடு போய்ச் சேர்ந்தாலும் முதலில் அதைக் காட்டவேண்டும்.